துரையின் உண்ணாவிரதம்

போன வாரம் நாம் விட்ட இடத்தில் துரை கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அல்லவா? இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். கிண்ணமும் நிறைந்தபடியே இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. துரை ஒரு பூனை. சாம்பல் நிறம், வெள்ளைக் கால்கள், வீட்டுப் பத்திரமே தன் பேரில் இருப்பது போன்ற நடை. அந்த நடையைப் பார்த்துத்தான் அம்மா அந்தப் பெயரை வைத்தாள். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு தங்கை வீட்டு மாடி அறைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் இப்போது அப்பாவும் மகளும்தான். மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸ் தேய்த்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இருந்தாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

அம்மா ஏன் போனாள் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அப்பா குடிப்பாரா, கை நீட்டுவாரா என்றும் கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துச் சேதம் மதிப்பிடும் வேலை. நசுங்கிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், தப்பு யார் மேல் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு வண்டிகள் இல்லாமல் போய்விட்டன. மனைவி மட்டும் மிச்சம் இருந்தாள். பால் பொங்கினாலும், குழாய் ஒழுகினாலும், மழை வந்து கொடியில் கிடந்த துணி நனைந்தாலும், சுற்றி வளைத்துக் கடைசியில் தப்பு அம்மா காலடியில் வந்து நிற்கும். குரலை உயர்த்தவே மாட்டார். பொறுமையாக, படிப்படியாக, நிரூபிப்பார். கத்துகிறவரோடு திருப்பிக் கத்தலாம், நிரூபிக்கிறவரை என்ன செய்வது? அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகும் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. துரை எப்போது சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினானோ, அப்போதிலிருந்து அவருக்கு ஒரு புது வழக்கு கிடைத்துவிட்டது. நிறைந்த கிண்ணத்தை, பக்கத்தில் பூனையும் தெரிகிற மாதிரி, வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்துப் படம் எடுப்பார். அம்மாவின் போனுக்கு அனுப்புவார். கீழே ஒரே ஒரு வரி இருக்கும். 'இன்னைக்கும் தொடல.' 'உன் தலையணையிலயே படுத்திருக்கான்.' 'வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசம்.'

அம்மா ஒரு மாதம் கல்லாகத்தான் இருந்தாள். கல்லும் கரையும் போலிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், துரையைப் பார்க்க வேண்டும் என்று பதில் போட்டாள். அடுத்த நாள் பாப்பாவிடம் போனில், "நான் இல்லாம அது செத்துப் போகும்னா நான் வந்துதானே ஆகணும்" என்றாள். 

பாப்பாவுக்கு அன்றிரவு வயிறு நிறைந்த மாதிரி தூக்கம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அவளுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. அவளுடைய முதலாளி வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார். அதை முழுக்க முழுக்க நீயே பார்த்துக்கொள் என்று அவளைக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு முட்டையை வேகவைக்கத் தெரியாதவர், தெரியாததும் யார் தப்பு என்று நிரூபிப்பவர். அம்மா திரும்பி வந்தால் பாப்பா போகலாம். அம்மா வராவிட்டால் இந்த வீடு, இந்த நாற்காலி, இந்த மனிதர், ஆயுசுக்கும். இது அப்பாவுக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் வேலை விஷயம் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்னால், எனக்காகத் திரும்பி வா என்று கழுத்தைப் பிடிப்பது போல இருக்கும் என்று நினைத்தாள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

காலையில் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போனார். மனைவி வருகிறாள் அல்லவா. பாப்பா சமையலறையில் மீன் டப்பா ஒன்றைத் திறந்தாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டதுதான் தாமதம், துரை கூடத்திலிருந்து ஓடி வந்தான். வாலைத் தூக்கிக்கொண்டு, அவள் காலில் உரசிக்கொண்டு, கத்திக்கொண்டு வந்தான். துக்கம் கொண்டாடுகிறவன் இப்படியா ஓடி வருவான்?

அவள் ஒரு துண்டை எடுத்து வைத்தாள். துரை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயின் இடது ஓரத்தால் மட்டும் கவ்வினான். ஒரு மெல்லு மெல்லினான். அவ்வளவுதான். யாரோ அடித்ததைப் போல வீறிட்டுப் பின்னால் துள்ளினான். துண்டு கீழே விழுந்தது. முன்னங்காலால் வாயை வாயைப் பிறாண்டிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய் ஒடுங்கினான். மீன் துண்டில் மெல்லிய ரத்தக் கோடு இருந்தது.

பாப்பா தரையில் முழங்காலிட்டு அவனைப் பார்த்தாள். அவன் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பசி அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை நாள் மீன் வேகவைத்த தண்ணீரை நக்கியே உயிர் வைத்திருக்கிறான், நாமோ அவன் விரதம் இருக்கிறான் என்று ஊருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

துணிக்கூடையில் ஒரு பழைய போர்வையைப் போட்டு, துரையை உள்ளே விட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டினாள். தெருக்கோடியில் இருக்கிற மிருக வைத்தியரிடம் ஓடினாள்.

டாக்டரம்மா கூடையின் கயிற்றை அவிழ்த்ததும் சிரித்தார்.

"அட, துரையா. வாங்க சார், வாங்க."

பாப்பாவுக்குப் புரியவில்லை. "இவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. போன மாசம் பெரியவர் ஒருத்தர் கூட்டிட்டு வந்தாரே. உங்க அப்பாவா? ரொம்ப விவரமா கேட்டார். எந்தப் பல்லு, எதனால, எவ்வளவு நாளா இருக்கும்னு குடைஞ்சு எடுத்துட்டார்." டாக்டரம்மா துரையின் உதட்டைக் கட்டைவிரலால் மெல்ல ஒதுக்கினார். சிரிப்பு நின்றது. "என்னங்க இது. இன்னும் எடுக்கலையா?"

பாப்பா எட்டிப் பார்த்தாள். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. கடைவாய்ப் பற்களின் மேல் பழுப்பு நிறத்தில் காரை கட்டியிருந்தது. ஒரு பல்லின் அடியில் ஈறு பல் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

"இதோ, இங்க பல்லு அடியில அரிச்சுப் போயிருக்கு. உள்ள நரம்பு திறந்து கிடக்கு. தண்ணி பட்டாலே உயிர் போகும். பூனைங்க வெளிய காட்டிக்காது. தலையைச் சாய்ச்சு சாப்பிடும், கிண்ணம் வரைக்கும் வந்துட்டு ஓடும், எச்சில் வடியும், உடம்பை நக்கறதை விட்டுடும். நாம என்னடான்னா ஏதோ கோவம், ஏதோ ஏக்கம்னு நெனச்சுப்போம்." டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஒரு வாரத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க, பல்லை எடுத்துடலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வலிக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தனுப்பினேன். வீட்ல கலந்து பேசிட்டு வரேன்னார். வரவே இல்ல."

பாப்பா துரையின் முதுகில் கையை வைத்தாள். 

"வீட்ல யாரும் பல்லு தேச்சு விடறதில்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அம்மா தேய்ப்பாள். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பூனைக்கென்று விற்கிற பேஸ்டைத் தொட்டு, துரையை மடியில் இருத்தித் தேய்ப்பாள். 'ஆ காட்டு, டாக்டர் வராரு' என்பாள். அப்பாவும் மகளும் அதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறார்கள். அம்மா போன பிறகு அந்த பேஸ்டை யாரும் தொடவில்லை.

"இல்ல," என்றாள் பாப்பா. "இப்ப யாரும் இல்ல."

"சரி. இன்னும் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். ரத்தம் பாத்துட்டு, கிட்னி நல்லா இருந்தா இன்னைக்கே மயக்கம் கொடுத்து எடுத்துடறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க."

"எடுத்துடுங்க," என்றாள் பாப்பா. வேறு எதுவும் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. யோசனை எல்லாம் பிறகுதான் வந்தது.

கடையில் அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. ஒருவருடைய இடது கண் லென்ஸை வலது பக்க ஃபிரேமுக்குத் தேய்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் செய்யாத தப்பு. மத்தியானம் போன் அடித்தது. அப்பா.

"துரை எங்கே?"

"டாக்டர் கிட்ட."

 பூனைக்கு என்ன ஆச்சு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"எந்த டாக்டர்?"

பாப்பா இயந்திரத்தை நிறுத்தினாள். மனசுக்குள் ஒரு ஓரத்தில், டாக்டரம்மா வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

"நீங்க போன அதே டாக்டர்தாம்ப்பா."

"சரி."

"சரின்னா? அது துடிச்சுட்டு இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியும். வலி மருந்துகூடக் கொடுத்தாங்களாமே, அதையாவது கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். கொடுக்கலைன்னு யார் சொன்னது. ரெண்டு நாள் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"சாப்பிட ஆரம்பிச்சுட்டான்," என்றார் அப்பா.

அதை அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.  சாப்பிட ஆரம்பித்ததால் மருந்தை நிறுத்தியிருக்கிறார். சாப்பிடுகிற பூனையை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

"பாப்பா, கேளு. இன்னும் ஒரு நாள்தான்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நெனச்சேன். அவ வந்துட்டா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருப்பேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வாக்கியத்தில் பழையபடி நிமிர்ந்துவிட்டது. "நடந்தது நடந்தாச்சு. சாயங்காலம் அவ வர்றதுக்கு முன்னாடி கொண்டு வந்துடு. இதெல்லாம் அம்மா கிட்டச் சொல்லணும்னு இல்ல. உனக்கும் திங்கக்கிழமை இருக்கு. யோசிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டார். பாப்பா யோசித்தாள். அதுதான் வினை.

சொன்னால் என்ன ஆகும்? அம்மா வாசலோடு திரும்பிப் போவாள், இந்த ஜன்மத்தில் வரமாட்டாள். சொல்லாவிட்டால்? துரைக்கு வலி போய்விட்டது. பல் எடுத்தாகிவிட்டது. இனி யாருக்கு என்ன நஷ்டம்? அம்மாவுக்கும் சித்தி வீட்டு மாடியில் என்ன வாழ்கிறதாம், வெயிலில் வேகிறாள். மனசு ஒன்றை விரும்பிவிட்டால் அதற்கு ஆயிரம் நியாயம் தானாக முளைக்கும். அப்பாவின் மகள் அல்லவா, அவளுக்கும் நிரூபிக்கத் தெரிந்தது.

சாயங்காலம் துரையை வாங்கிக்கொண்டாள். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து, தானே கரைந்துவிடும் நூலால் தையல் போட்டிருந்தார்கள். மீதிப் பற்களின் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். ஊசிக்குழாய் ஏற்றுவதற்காக வலது முன்னங்காலில் ஒரு பட்டை அகலத்துக்கு ரோமத்தை மழித்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாக, பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னைக்கே சாப்பிடுவான் பாருங்க," என்றார் டாக்டரம்மா. "மசிச்சுக் கொடுங்க. கெட்டியா எதுவும் வேண்டாம். தையல் ஆறினதும் தினமும் பல்லு தேய்க்கணும். மனுஷங்க பேஸ்ட் மட்டும் கூடவே கூடாது. சொட்டு மருந்தை இந்தத் தடவையாவது கொடுங்க."

வீட்டில் அப்பா புதுச் சட்டையோடு நின்றார். வெட்டிய முடிக்குக் கீழே கழுத்து வெளுத்துத் தெரிந்தது. துரையின் காலைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தப்புமா? ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பூத்துவாலையை எடுத்து வந்து, துரையைக் கழுத்து வரை சுற்றினார்.

"குளிருது அவனுக்கு," என்றார்.

பாப்பா துவாலையைப் பிடுங்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சுற்றினார், பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள், விருந்தாளி மாதிரி. செருப்பைச் சுவர் ஓரமாக விட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஆனாலும் முகத்தில் ஏதோ தெளிவு இருந்தது.

"எங்க என் துரை?"

அப்பா துவாலை மூட்டையை அப்படியே அவள் மடியில் வைத்தார். துரை அரைத் தூக்கத்தில் இருந்தான். அவள் வாசனை தெரிந்ததோ என்னவோ, தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் எழுப்பத் தொடங்கினான்.

"எலும்பா போயிட்டியேடா," என்றாள் அம்மா. அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நீயே கொடுத்துப் பாரேன்," என்றார் அப்பா. பாப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். பாப்பா உள்ளே போய் மசித்த மீனைக் கிண்ணத்தில் கொண்டு வந்து கொடுத்தாள். 

அம்மா விரல் நுனியில் எடுத்து நீட்டினாள். துரை முகர்ந்தான். நக்கினான். இன்னொரு தடவை நக்கினான். பிறகு மூட்டையிலிருந்து தலையை வெளியே நீட்டி, கிண்ணத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒரு மாதப் பசி. வலியில்லாமல் விழுங்க முடிகிறது என்ற ஆச்சரியத்தில் அவன் நிமிரவே இல்லை.

"பாத்தியா?" என்றார் அப்பா, மெதுவாக. "நீ வந்த உடனே சாப்பிடறான். நான் ஏதாவது பொய் சொன்னேனா?"

அம்மா அழுதாள். அவள் அழுது பாப்பா பார்த்ததில்லை. பெட்டியோடு போன அன்றுகூட அழாதவள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைப் பிடித்தபடி, "சரி," என்றாள். "சரி. நாளைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன். உனக்கு நான் வேணும்னா நான் வரேண்டா. வேற யாருக்காக இல்லாட்டியும் உனக்காக வரேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பாப்பாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. திங்கட்கிழமை முதலாளியிடம் சரி என்று சொல்லலாம். அந்த ஊரில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொள்ளலாம். அம்மா அழுகிற நேரத்தில் அவள் நினைத்தது இதைத்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

"அவனுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வச்சிருக்கீங்க, புழுங்குமே," என்றாள் அம்மா. துவாலையை உருவினாள்.

கை பழக்கத்தில் முதுகைத் தடவி, வயிற்றைத் தடவி, முன்னங்காலுக்கு வந்தது. நின்றது.

அம்மா அந்த மழித்த பட்டையைப் பார்த்தாள். நடுவில் இருந்த சின்ன ஊசிப் புள்ளியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தியேட்டரில் நின்றவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. துரையின் தலையை இடது கைக்குள் அடக்கி, கட்டைவிரலால் உதட்டை ஒதுக்கினாள்.

"தையல்," என்றாள். "இன்னைக்குப் போட்ட தையல்."

 துரை கிண்ணத்தைத் தேடினான்.

"அப்ப இது பல்லு வலியில சாப்பிடாம இருந்திருக்கு." அம்மா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். பிறகு பாப்பாவைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"அவருக்கு?"

பாப்பாவின் கண் அப்பா பக்கம் போனது.  அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எவ்வளவு நாளாத் தெரியும் உங்களுக்கு?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பினார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்று பார்த்தால் தெரியாது. "பல்லு ஏன் கெட்டுச்சுன்னு முதல்ல கேளு. தினம் தேச்சு விட்டுட்டு இருந்தவ யாரு? பாதியில விட்டுட்டுப் போனது யாரு? நீ இருந்திருந்தா அந்தப் பல்லு போயிருக்குமா? அப்ப நீ போனதாலதான் அவன் சாப்பிடலைன்னு நான் சொன்னதுல எங்க தப்பு?"

கேட்டீர்களா? அந்த நேரத்திலும் மனிதர் தோற்கவில்லை.

அம்மா துவாலையை மடித்து வைத்தாள். "தப்பில்லதான்," என்றாள். "உங்க மேல என்னைக்குத் தப்பு இருந்திருக்கு. ஒரே ஒரு தடவை போன் பண்ணி, எனக்கு முடியலை, வான்னு கூப்பிட்டிருக்கலாம். அதுக்கு வாய் வரலை. ஒரு ஜீவனைப் பட்டினி போட்டுப் படம் எடுக்க மட்டும் கை வந்துதே."

 அதற்கு அவரிடம் நிரூபணம் இல்லை போலிருக்கிறது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அம்மா எழுந்தாள். துரையை அதே கூடையில் வைத்தாள். மருந்துப் பையைத் தானே தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை பாப்பா கூடைக்கு ஒரு பக்கம் கை கொடுத்தாள்.

"அம்மா, நான்..."

"விடு." அம்மா செருப்பை மாட்டினாள். "பெத்த அப்பனைக் காட்டிக் கொடுக்க உனக்கு மனசு வரலை. புரியுது. அவரோட தனியா இருக்கறவ நீ. என்ன பண்ணுவ பாவம்."

பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தாலும் தேவலை. அம்மா போகிற வரை பாப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை அம்மா, அதற்காக இல்லை என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

உள்ளே வந்தபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார்.

"அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டுப் போறா," என்றார். "எனக்காக நீ வாய மூடிக்கிட்டதா நெனைக்கிறா. நீ திருத்தலை."

பாப்பா கீழே இருந்த கிண்ணத்தை எடுத்தாள்.

"நீ வேலைக்குக் கிளம்பற அன்னைக்கு அவளுக்குத் தானா விளங்கிடும், நீ யாருக்காக வாய மூடிக்கிட்டன்னு. போகாம இருந்தா விளங்காது." மிரட்டுகிற குரல் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொல்கிற அதே குரல். "உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் மேல் அவருக்குக் கோபமே இல்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தவர்கள், இனி சேர்ந்து இருக்கலாம் என்பது போல அவர் கால்களை நீட்டிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"பஸ்ல இருக்கேன். அந்தச் சொட்டு மருந்து எத்தனைன்னு கேட்க மறந்துட்டேன்."

"மூணு சொட்டு. ராத்திரி ஒரு தடவை. கன்னத்து ஓரமா விடணும்."

"சரி."

"அம்மா, வச்சிடாத." பாப்பா அப்பாவைப் பார்த்தபடியே பேசினாள். "எனக்கு வேற ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. புதுக் கிளை. நீ இங்க வந்துட்டா நான் போகலாம்னு இருந்தேன். அதனாலதான் சொல்லலை. அப்பாவுக்காக இல்ல."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் பஸ் இரைச்சலும், யாரோ இறங்குவதற்குக் குரல் கொடுப்பதும் கேட்டன.

"அப்ப நான் வந்திருந்தா," என்றாள் அம்மா, நிதானமாக, "நீ போயிருப்ப."

"ஆமா."

"என்னை இங்க அவர்கிட்ட விட்டுட்டு."

பாப்பாவுக்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. "ஆமாம்மா," என்றாள்.

 கூடைக்குள் துரை ஒரு தடவை கத்தியது கேட்டது.

"இவன் முழிச்சுக்கிட்டான். அப்புறம் பேசறேன்," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை.